கையாட்ட வந்தவர்கள்

புதுத்தொண்டியில் ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், அவரை வழியனுப்ப நாற்பது பேராவது உயிர்க்கவசம் மாட்டிக்கொள்வார்கள். செவ்வாய்க் கோளின் வெளிக்காற்றில் கவசமில்லாமல் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாதுதான். அதற்காக உறவை விட முடியுமா? ஊரின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் மூடியிருக்கும் கவிகை என்ற கண்ணாடிக் கூரைகளைத் தாண்டி, குடும்பம் குடும்பமாக ஓடுதளத்தின் ஓரம் வந்து நிற்பார்கள். பெண்கள் தலைக்கூட்டின் மேல் மல்லிகைச் சரத்தைப் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். நெற்றிக்கு நேராக, கண்ணாடியின் வெளிப்பக்கம் குங்குமம் இருக்கும். உள்ளே அழுகை வந்தால் துடைக்க வழியில்லை. மூக்கை உறிஞ்சும் ஓசை பொது வானொலியில் ஊர் முழுக்கக் கேட்கும். விமானம் புள்ளியாகி மறையும்வரை கையாட்டிவிட்டு, நிலையத்துக் கூடத்தில் உட்கார்ந்து பாசிச் சுண்டல் தின்று, ஊர்க்கதை பேசிவிட்டு வீடு திரும்புவார்கள். இத்தனைக்கும் விமானத்தில் ஏறியவர் ஒருவர்தான்.

அந்த நிலையத்தை மூட வேண்டும் என்று மேலைக் கவிகைக்காரர்கள் கிளம்பியதில்தான் ஊர் இரண்டுபட்டது. ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் செம்புழுதி எழுந்து அவர்கள் கண்ணாடியில் அப்பியது. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே அங்கே வீடு வாங்கியவர்கள் அவர்கள் என்பதை யாராவது நினைவூட்டினால் சண்டைக்கு வந்தார்கள். மூடினால் நடப்பதே வேறு என்று கீழைக் கவிகைக்காரர்கள் எகிறினார்கள். விஷயம் வழக்குக்குப் போனது. வழக்கு முடியும்வரை விமானம் கிடையாது என்று உத்தரவாயிற்று.

ஊரில் எல்லோருக்கும் அது வம்பு பேச ஒரு விஷயம். கோசலைக்கு மட்டும் அப்படியில்லை.

அவள் உயிர்வளி ஆலையில் பொறியாளர். ஒரே மகள் பூங்குழல், துருவத்துப் பனிச்சுரங்கம் இருக்கிற வடகரையில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மருமகன் சுரங்கத்தின் அடியாழத்தில் வேலையில் இருந்தான். பணிமுறை முடியாமல் மேலே வர முடியாது. விமானத்தில் போனால் மூன்று மணி நேரம். தரையூர்தியில் போனால் பதினைந்து நாள்.

"அம்மா, நீ வந்துருவேல்ல?" என்று மகள் தினமும் கேட்டாள்.

"வந்துருவேன்டி. எவன் மறிச்சாலும் வந்துருவேன்."

சொன்னதைச் செய்கிறவள் கோசலை. மறுநாளே கீழைக் கவிகைக்காரர்களின் நிலையப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தாள். தலைவர் அருணகிரி அவளைக் கைகூப்பி வரவேற்று முதல் வரிசையில் உட்காரவைத்தார். கூட்டம் தொடங்கியதும் அவள் எழுந்தாள்.

"அண்ணே, வாரத்துக்கு ஒரு விமானமாவது உடனே விடணும்னு முதல்ல கேப்போம்."

"அது இல்லாமலா தாயி! அது கேக்காமலே வந்துரும். நிலையத்துக்குப் பேரு வைக்கிறதுதான் இப்பப் பெரிய பிரச்சன. எங்க முப்பாட்டன்தான் இந்த மண்ணுல முதல்ல கால் வெச்சவரு."

பின்வரிசையிலிருந்து சிகாமணி துள்ளி எழுந்தார். "எங்க முப்பாட்டன் விண்கலத்துக் கதவைத் தொறக்கலேன்னா உங்காளு எப்படிக் கால் வெச்சிருப்பாரு?"

அன்றைய கூட்டம் கதவுக்கும் காலுக்கும் நடுவிலேயே முடிந்தது. அடுத்த கூட்டத்தில் பெயர்ப்பலகையின் உயரம். அதற்கடுத்து, சுண்டல் கடை யாருக்கு என்பது. ஒவ்வொரு முறையும் கோசலை எழுந்து விமானம் என்றாள். ஒவ்வொரு முறையும் எல்லோரும் பலமாகக் கைதட்டிவிட்டுப் பெயருக்குத் திரும்பினார்கள். அவளுக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் விடவில்லை. தீர்ப்புச் சொல்லப்போவது மனிதரல்ல, நடுவம் என்பது அவளுக்குப் பெரிய தெம்பு.

நடுவம் ஒரு தீர்ப்பு இயந்திரம். புதுத்தொண்டியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நெஞ்சுத் தோலுக்கு அடியில் தினையளவு நெஞ்சுமணி பதிக்கப்படும். மேடைப் பேச்சிலும் பொய்ச் சத்தியத்திலும் நொந்துபோன முன்னோர்கள் செய்த ஏற்பாடு அது. வாய் சொல்வதை நடுவம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும். தீர்ப்பை நெஞ்சு எதற்குத் துடிக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லும்.

விசாரணை நாளில் அவை நிரம்பி வழிந்தது. நடுவம் ஒவ்வொரு விஷயமாக நிதானமான குரலில் சொல்லிக்கொண்டு வந்தது. பெயர் என்றது. புழுதி என்றது. கூடம், பலகை, சுண்டல், வழியனுப்புதல் என்றது. கடைசியாக விமானம் என்றது. கோசலையின் நெஞ்சு உலக்கை போட்டு இடிப்பதுபோல அடித்துக்கொண்டது. இதைவிடச் சத்தியமாக யாராலும் கேட்க முடியாது என்று அவளுக்குத் தைரியம் வந்தது.

"தீர்ப்பு" என்றது நடுவம். "நிலையம் மூடப்படாது. இரண்டு முன்னோர் பெயரும் சேர்த்துச் சூட்டப்படும். பலகை கவிகையைவிட உயரமாக அமையும். அறிவிப்புகளும், வழியனுப்பும் நேரமும், சுண்டலும் முன்புபோலவே நடக்கும்."

கீழைக் கவிகைக்காரர்கள் கூரை அதிரக் கூவினார்கள்.

"புழுதி எழாமலிருக்க, விமானங்கள் மட்டும் நிரந்தரமாக நிறுத்தப்படும்."

மேலைக் கவிகைக்காரர்கள் அதைவிட உரக்கக் கூவினார்கள். இரண்டு பக்கத்தாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

கோசலை எழுந்து கத்தினாள். "விமானமே வராத எடத்துக்கு எதுக்கய்யா விமான நிலையம்?"

"நானும் அதைத்தான் தேடினேன், அம்மா" என்றது நடுவம். அதன் குரலில் வருத்தம் இருந்ததா என்று சொல்வது கடினம். "விமானம் என்று சொன்னபோது இந்த அவையில் ஒரே ஒரு நெஞ்சுதான் துடித்தது. பெயர் என்று சொன்னபோது கட்டடமே துடித்தது."

அருணகிரி அவள் வாயில் இனிப்பைத் திணிக்கப் பார்த்தார். "ஜெயிச்சுட்டோம் தாயி!"

"என்னத்த ஜெயிச்சீங்க?"

"நிலையம் நம்ம கையவிட்டுப் போகலியே! விமானம் என்ன விமானம், இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வந்துட்டுப் போகுது."

கோசலை அந்த இனிப்பை வாங்கி அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். அழுகை வந்தது, அழ நேரமில்லை. நேராக ஆலைக்குப் போய் விடுப்புச் சொன்னாள். பழைய தரையூர்தி ஒன்றைக் கேட்டு வாங்கி, உயிர்வளிக் கலன்களைத் தானே ஏற்றினாள். மகளை அழைத்தாள்.

"கிளம்பிட்டேன்டி. தரை வழியா."

"பத்து நாள்தான் இருக்குங்கிறாங்கம்மா" என்றாள் பூங்குழல். பிறகு சிரிக்க முயன்றாள். "பாப்போம். உள்ள இருக்கிறதக் கொஞ்சம் பொறுக்கச் சொல்றேன்."

"பொறுக்கச் சொல்லு. ராத்திரி பகலா ஓட்டுறேன்."

வடகரைப் பாதை ஓடுதளத்தை ஒட்டித்தான் போகிறது. அவள் ஊர்தி அங்கே வந்தபோது அதற்குள் நட்டுவிட்ட புதுப் பலகையின் திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. இரண்டு கவிகைக்காரர்களும் கவசத்தோடு கூடியிருந்தார்கள். தலைக்கூடுகளில் மல்லிகை, கண்ணாடிகளில் குங்குமம். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முதுகுதான் இந்தப் பக்கம்.

"வடகரை செல்லும் விமானம் சரியான நேரத்தில் புறப்படுகிறது" என்று அறிவிப்பு ஒலித்தது.

ஊரே வெறும் வானத்தைப் பார்த்துக் கையாட்டியது. மூக்கை உறிஞ்சும் ஓசை வானொலியில் வந்தது.

"அந்தா பாரு, புள்ளியாத் தெரியுது!" என்றார் ஒருவர்.

"ஆமா, ஆமா, தெரியுது" என்றார் சிகாமணி.

"பத்திரமாப் போயிட்டு வாங்க!" என்று எல்லோருமாகக் குரல் கொடுத்தார்கள்.

அந்த ஊரில் அன்றைக்குப் பயணம் கிளம்பியிருந்தவள் ஒருத்திதான். அவள் வானொலிப் பொத்தானை அழுத்தி, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஊர்தியின் வேகத்தைக் கூட்டினாள்.