கழன்று விழுந்த கழுத்துப்பட்டை

கழன்று விழுந்த கழுத்துப்பட்டை சூடாக இருந்தது.

ஊலாயு திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் சூட்டின் அளவை மறுபடியும் படித்தாள். கரடியின் கழுத்தில் இருக்கும்வரை பட்டை, தான் இருக்கும் இடத்தையும் கரடியின் உடம்புச் சூட்டையும் மணிக்கொருமுறை வானத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். காலம் முடிந்ததும் பூட்டு தானாகத் திறந்து விழுந்துவிடும். விழுந்த பிறகு அதற்குத் தெரிந்ததெல்லாம் பனியின் குளிர்தான். இந்தப் பட்டை கடல் உறையத் தொடங்கியபோது விழுந்தது. அன்றிலிருந்து, கடலுக்குள் நீண்ட நிலமுனைக்கு அப்பால் கரையோரப் பனியில் அசையாமல் கிடக்கிறது. திரையில் அதன் சிவப்புப் புள்ளி இப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. சூடு மட்டும் ஒரு மனித உடம்பின் சூட்டைக் காட்டியது.

"கெட்டுப் போயிருக்கும்," என்று சத்தமாகச் சொன்னாள். அந்தக் கரடி ஆய்வு நிலையத்தில் அவள் பேச்சுக்கு அவள்தான் பதில்.

குளிர்காலம் முழுக்க அவள் மட்டும்தான் அங்கே. நண்பகலிலும் சூரியன் தலைகாட்டாத மாதம். தெற்கே அடிவானத்தில் ஒரு நீலக் கசிவு வந்து, யாரையோ தேடிவிட்டு இல்லையென்று திரும்பிப் போவதுபோல் மறைந்துவிடும். அடுப்பில் எண்ணெய் எரியும் முணுமுணுப்பு, கூரைத் தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல் பொடிப்பனி வழுக்கிப் போகும் ஓசை, தூரத்தில் அலையேற்றத்துக்கு வளைந்து முனகும் கடற்பனி. வாரத்துக்கு ஒருமுறை தம்பி ஜேப்பிட்டி ஊரிலிருந்து எண்ணெயும் மீனும் கொண்டுவருவான். வாரம் முழுக்கப் பேசாத பேச்சை அவனுக்காகச் சேர்த்து வைத்திருப்பாள். இன்று காலை வந்தவன், பட்டையை எடுத்துவந்துவிடுகிறேன் என்று பனிவண்டியில் கிளம்பியிருந்தான். அவன் சட்டைப்பையில் இருந்த, செய்தியும் அனுப்பக்கூடிய சின்னக் கருவி திரையில் ஒரு பச்சைப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது.

வயர்லெஸ்ஸை எடுத்தாள். "ஜேப்பிட்டி, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. வண்டிச் சத்தத்தையும் மீறி உன் சத்தம்தான் கேக்குது."

"மாமியாரோட பட்டை சூடா இருக்குடா."

அந்தப் பெண்கரடிக்குப் பட்டையைத் திருகி மாட்டியவள் அவள்; மாமியார் என்று பெயர் வைத்தவன் அவன். கூப்பிடாமலே வரும், வந்தால் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கும் என்பான்.

"நரி எதாச்சும் அது மேல படுத்துத் தூங்குதோ என்னவோ. எழுப்பிட்டு எடுத்துட்டு வரேன். நீ டீயப் போடு. ரொட்டிய மட்டும் கல்லு மாதிரி சுட்டுடாத, போன வாரம் கடிச்ச பல்லு இன்னும் ஆடுது."

அவள் சிரித்தாள். சிரித்த சத்தம் அறையில் கொஞ்சநேரம் துணையில்லாமல் நின்றது.

பச்சைப் புள்ளி முனையைச் சுற்றிப்போய்ச் சிவப்புப் புள்ளியின் மேல் ஏறி நின்றது. தண்ணீர் கொதித்தது. அவள் எழவில்லை.

"அக்கா." அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "பட்டையக் காணோம். அது கிடந்த எடம் இருக்கு. பனி உருகி, வட்டமா, யாரோ ரொம்ப நேரம் உக்காந்திருந்த மாதிரி."

"தடம் இருக்கா?"

"வந்த தடம் இல்ல." காற்று இரைந்தது. "போன தடம் இருக்கு."

"கரடியா?"

பனியில் அவன் சில அடி நடக்கும் ஓசை. "ரெண்டு காலுதான் தெரியுது."

திரையில் புதிய தகவல் வந்து விழுந்தது. சிவப்புப் புள்ளி நகர்ந்திருந்தது. அதிகம் இல்லை. அவன் வண்டியை நிறுத்தியிருந்த பக்கமாக, அவனுக்குப் பின்னால்.

"ஜேப்பிட்டி, பின்னால பாரு. வண்டிகிட்ட. துப்பாக்கிய எடு."

இரைச்சல். அதன்பின் அவன் சிரித்தான். பயம் விட்டுப்போன மனிதனின் சிரிப்பு.

"அட, நீயா? நீ எப்படி இங்க..."

வயர்லெஸ் அடங்கியது.

கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பச்சைப் புள்ளி அசையவில்லை. ஊருக்குச் செய்தி அனுப்பினாள். ஆட்களைத் திரட்டுகிறோம், வந்துசேர அரை நாள் ஆகும் என்று பதில் வந்தது. அந்தக் குளிரில் அரை நாள் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். தோல் சட்டையை மாட்டினாள். துப்பாக்கியில் குண்டு போட்டாள். கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டி கிளம்புமா என்று யோசித்துக்கொண்டே கையுறையைத் தேடியபோது வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது.

அவனுடைய வண்டி. அந்த இருமலை எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வாள். துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். கருவியைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

வெளிக்கதவு திறந்து மூடியது. அவன் முன்னறை பெஞ்சில் உட்காரும் ஓசை.

"முட்டாப் பயலே, உயிரே போயிடுச்சு எனக்கு. பட்டை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அவன் குரல்தான். முன்னறைக்கும் அவள் இருந்த அறைக்கும் நடுவில் கதவில்லை. தோல் சட்டையின் தலைமூடியைக் கழற்றாமல், குனிந்து, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். டீயைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். அவன் தொடவில்லை. சூடான அறையில், தலைமூடியின் ஓரத்து ரோமத்தில் படிந்திருந்த பனி உருகவில்லை. கடலின் வாசனை அடித்தது. மேல்பரப்புக் கடல் இல்லை; வெடித்த பனிக்குக் கீழே இருந்து வரும் கருத்த, பழைய வாசனை.

"என்னடா ஆச்சு? யாரப் பாத்த அங்க?"

அவன் ரொட்டியைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

திரையில் மணி ஒலித்தது.

அவனுக்கு முதுகைக் காட்டாமல் மேசைவரை பின்னாலேயே நடந்தாள். பச்சைப் புள்ளியிலிருந்து செய்தி. ஜேப்பிட்டியின் கருவி.

*அக்கா கால் முறிஞ்சு கிடக்கேன். ஏன் என் வண்டிய எடுத்துட்டுப் போன. அத்தன தடவ கத்தினேனே. ஏன் திரும்பிப் பாக்கல.*

இன்னொரு முறை படித்தாள். எழுத்துகள் மாறவில்லை.

மறுபடி மணி. பட்டையின் தகவல். சிவப்புப் புள்ளி முனையில் இல்லை. கரையில் இல்லை. இந்த நிலையத்தின் மேல் இருந்தது.

அறை மிகச் சின்னதாகிவிட்டது. அடுப்பின் முணுமுணுப்பு. கூரையில் பனி. மூச்சு. அவளுடையது ஒன்று. இன்னொன்று, நீளமாக, ஈரமாக.

வெளியே போக ஒரே வழி. வழியில் பெஞ்சு.

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். "தள்ளு. என் தம்பி அங்க செத்துட்டிருக்கான். வழிய விடு."

"அக்கா," என்றது அது. "குளிருது."

மணி ஒலித்தது. கண்ணோரத்தில் தெரிந்தது. *அக்கா குளிருது.*

விரல் விசையில் இருந்தது. மடங்கவில்லை.

அது மெல்லத் தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளியது. ஜேப்பிட்டியின் முகம். ஜேப்பிட்டியின் கண்கள், நிறைந்து வழியத் தயாராக. மோவாய்க்குக் கீழே கழுத்துப்பட்டை. இரண்டு பக்கமும் திருகால் இறுக்கப்பட்டிருந்தது. அதன் மேலும் கீழும் சதை பிதுங்கியிருந்தது.

"கழட்ட முடியலக்கா," என்றது. "நீதானே மாட்டின."

சுட முடியவில்லை. அந்த முகத்தை அவளால் சுட முடியவில்லை. அங்கே அவன் உறைந்துகொண்டிருந்தான்.

கழற்றிவிட்டால் வழி விடலாம் என்று மேசையிலிருந்து திருகுசாவியை எடுத்தாள். போனாள். ஒரு அடி. இன்னொன்று. அது அசையாமல் கழுத்தை நீட்டியிருந்தது.

முதல் திருகு. பழுக்கக் காய்ந்த கல்போல் சூடு. சாவி வழுக்கியது. மறுபடி வைத்தாள். திருகினாள்.

கழன்றது.

பட்டை ஒரு பக்கம் தளர்ந்தது. அந்தப் பக்கத்து முகமும் அதோடு தளர்ந்து, காதிலிருந்து வாய்வரை, ஈரத் துணிபோல் மெல்லக் கீழே தொங்கியது. உள்ளே கருப்பு. கருப்புக்குள் மூச்சு.

மேசையில் மணி ஒலித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாவது திருகுக்கு வசதியாக அது தலையைச் சாய்த்துக் கொடுத்தது.