பதினேழு கடிகாரங்களும் ஒரு மணிக்கட்டும்

"பா, பெட்டிச் சாவியைக் கொடுங்க."

லியான் கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா தியாம் ஹொக், செத்தவர்களுக்கு எரித்து அனுப்பவென்று வாங்கி மேசையில் போட்டிருந்த காகிதக் கைக்கடிகாரத்தை ஒரு விரலால் தள்ளினார். "இது போதும். அஞ்சு மணிக்குக் கோயில்ல எரிச்சிடு. உங்கம்மாவுக்கு மணி பார்க்கவா தெரியும்?"

"தெரியாதவ கையில எதுக்கு அத்தனை வாட்சைக் கட்டினீங்க?"

இன்று அம்மா செத்த நாற்பத்தொன்பதாம் நாள். இன்றைய சடங்கோடு அம்மா இந்த வீட்டை விட்டுப் போயாக வேண்டும். போகும்போது நிஜக் கடிகாரம் ஒன்றாவது அவளுடையதாகப் போகட்டும் என்றுதான் லியான் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு பஸ் ஏறி வந்தாள்.

பெட்டியிலிருந்த கடிகாரங்கள் பதினேழும் கை அசைந்தால் ஓடும் வகை. கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். நின்றால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும், கட்டிக்கொண்டு வெளியே போனால் கீறல் விழும். இந்த இரண்டு கவலைக்கும் அப்பா கண்டுபிடித்த ஒரே மருந்து, மனைவி. சுற்றிவிடும் மெஷின் அவருக்கு ஆகாது. மனுஷச் சூடு வேண்டுமாம். இந்தக் கைக்கு மூன்று, அந்தக் கைக்கு மூன்று என்று முறைபோட்டுக் கட்டிக்கொண்டு, அம்மா மத்தியானமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கை வீசுவாள். முறை தவறிவிடும் என்று மகள் பட்டம் வாங்கியதைப் பார்க்கக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வீசினாள். மணிக்கட்டு மெலிந்தபோது, அப்பா ஊசியைக் காய்ச்சி வாரில் புதிதாகத் துளை போட்டுக்கொண்டு வந்தார்.

அப்பா சாவியை எடுத்து நீட்டினார்.

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அது பிடிக்கவில்லை.

உள்ளறையில் மழை இருட்டு மூன்றரை மணிக்கே இறங்கியிருந்தது. மூடிய ஜன்னலின் பலகைகளுக்கிடையே கசிந்த சாம்பல் வெளிச்சத்தில் அம்மாவின் நாற்காலி சுவரோரமாகத் தெரிந்தது. அம்மாவின் தைல வாடை, ஏழு வாரத்தில் மங்கியிருக்க வேண்டியது, இப்போதுதான் யாரோ தேய்த்துக்கொண்டதைப் போல மூக்கில் ஏறியது. அதற்கும் அடியில், கூரையில் விழும் மழைக்கும் அடியில், சின்னப் பூச்சிகள் கூட்டமாக எதையோ அரிப்பது போன்ற ஒரு சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

லியான் வாசலிலேயே நின்றாள். "ஓடுதே, யார் கட்டினது, பா?"

"நான் தொடலை."

"அப்புறம்?"

"மூணு மணிக்கு வருவா." வேலைக்காரி வரும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

மூடியைத் திறந்தாள். பதினேழும் ஓடின. பதினேழிலும் இன்றைய தேதி. பதினொன்று படுத்துக் கிடந்தன. ஆறு நிமிர்ந்து நின்றன. வார் பூட்டியிருந்தது, ஊசி போட்ட அந்தத் துளையில். வளையத்துக்குள் ஒன்றுமில்லை. வெறும் காற்று.

மூன்று முன்னே சாய்ந்தன. மூன்று பின்னே.

மறுபடியும்.

நாற்காலி முனகியது.

அப்பா ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். லியான் பிறந்தபோதாவது அந்த முகம் அப்படி மலர்ந்திருக்குமா, தெரியவில்லை. "கேளேன், என்ன சுத்தமான சத்தம்!" பிறகு முகம் சுருங்கியது. "ஒரு வாரமா கொஞ்சம் பின்தங்குது. அவளுக்கு முடியலை போல."

அவர் கண் மகளின் மணிக்கட்டில் இருந்தது.

"உனக்கும் அவ கைதான், லியான். நீ இங்கேயே வந்துடேன். படிச்சு என்ன கிழிச்சே?"

"செத்தும் விடமாட்டீங்களா அவளை?"

"நான் எங்கே பிடிச்சு வச்சிருக்கேன்? அவளா வர்றா."

ஒரு கடிகாரம் போதும் என்றுதான் வந்தாள். இனிப் போதாது. அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி உள்ளே போட்டாள். மூடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"பதினேழும் கோயில் உலைக்குப் போகுது. மேசையில காகித வாட்ச் இருக்கு, நீங்க கட்டிக்குங்க."

அவர் தடுக்கவில்லை. அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "நீ கொண்டுபோயிடுவே. அவ விடமாட்டா."

வாசல்படி இறங்கும்போது பெட்டியின் மறுமுனை லேசானது. யாரோ ஏந்திப் பிடித்தார்கள். தைல வாடை. "அம்மா," என்றாள்.

அந்த முனை இழுத்தது.

வீட்டுப் பக்கம். மெல்ல. சொன்ன வேலையை முடிக்காமல் எழுந்திருக்காதவளின் பிடிவாதத்தோடு.

லியான் கையைத் தளர்த்தவில்லை. மழைக்குள் இறங்கி, தெருமுனைக் கோயிலைப் பார்த்து நடந்தாள். திரும்பவில்லை. தெருவில் தேங்கிய தண்ணீரை பெட்டியின் மறுமுனையில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குதிகால்கள், வரமாட்டேனென்று ஊன்றி ஊன்றி, கிழித்துக்கொண்டே வந்தன.