அலமாரிக்குள் எடுத்த மௌனம்

பொத்தானை அழுத்தினால் சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது, உள்ளே எங்கோ ஒரு 'டிக்' கேட்டது, லேப்டாப்பின் விசிறி கிளம்பி, ஏறி, சட்டென்று நின்று, பிறகு மறுபடி ஏறியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்த இடைவெளி உறுத்தியது. ஒரு நீண்ட வாக்கியத்தைப் படித்து முடித்ததும், அடுத்ததைத் தொடங்கும் முன் அவள் மூச்செடுக்கிற நேரம் அது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இன்னைக்குப் பார்த்தா உனக்கு இந்த வியாதி வரணும்?" என்று அதனிடம் கேட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள்.

இதுவரை அவள் குரல் லிஃப்ட்டுகளிலும் தொலைபேசிக் காத்திருப்புகளிலும்தான் இருந்தது. "வீட்ல உன்கிட்ட திட்டு வாங்கிட்டு ஆபீஸ் போனா, லிஃப்ட்ல ஏறினதும் நீயே 'கதவு மூடுகிறது'ங்கற. நான் எங்கதான் போறது?" என்று கணவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். ஆனால் கதவு மூடுகிறது என்பதைத் தவிர வேறெதையாவது தன் குரல் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் வெகுநாளாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் ஒரு முழு நாவலை ஒலிப்புத்தகமாகப் படிக்கும் வாய்ப்பு வந்தபோது சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் ஒத்துக்கொண்டாள்.

படுக்கையறைச் சுவரோடு சேர்ந்த பெரிய துணி அலமாரிதான் அவளுடைய ஸ்டூடியோ. கீழ்த் தட்டைக் கழற்றி ஒரு ஸ்டூல் போட்டு, சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, உள்ளே மைக்கை வைத்திருந்தாள். மைக்கின் ஒயர் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, கட்டிலின் மேல் இருக்கும் லேப்டாப்பில் முடியும். தினமும் படிக்கத் தொடங்கும் முன் கொஞ்ச நேரம் வெறும் மௌனத்தைப் பதிவுசெய்ய வேண்டும். வாக்கியங்களுக்கு நடுவே இருமலையோ பிசிறையோ வெட்டினால், அந்த ஓட்டையை அடைக்க அதே இடத்தின் மௌனம் வேண்டும். மற்றவர்கள் மைக் முன்னால் அசையாமல் உட்கார்ந்து அதை எடுப்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது, தன் மூச்சு அதில் விழும். அதனால் பதிவைப் போட்டுவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறைக்குப் போய் நின்றுகொள்வாள். யாரும் இல்லாத அலமாரி தன் மௌனத்தைத் தானே பதிவுசெய்துகொள்ளும். அதை அவள் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. வெட்டிய இடங்களில் ஒட்டுவதோடு சரி.

இன்னும் இரண்டு அத்தியாயம்தான் பாக்கி. இன்று மாலைக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். பதிப்பகத்து மேடம் நேற்றே சொல்லிவிட்டாள்: "ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சும்மா. இனிமே முடியாது. வரலேன்னா வேற பொண்ணை வெச்சு முதல்ல இருந்து படிக்க வெச்சுடுவோம். தப்பா நினைச்சுக்காத."

காலையில் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, தெருமுனைக் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "ஃபார்மட் போட்டா மத்தியானத்துக்குள்ள ரெடி" என்றார்.

"அதுல இருக்கிற ஃபைல்?"

"அது போயிடும்." முடி வெட்டினால் முடி போய்விடும் என்பது மாதிரி சொன்னார். அவள் பிடுங்காத குறையாக லேப்டாப்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர்களோடு மாரடிப்பதுதான் அவன் உத்தியோகம். தன் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோவில் வந்தான்.

"அக்கா, பேக்கப் இருக்குல்ல?"

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா..."

"இல்லடா."

"நல்லா இருக்கு! நான் குடை எடுக்காம போனா போன் பண்ணித் திட்டுவ. இதுக்கு மட்டும் வாய் திறக்க மாட்ட."

"திட்றதுக்கா கூப்பிட்டேன்? என்ன பண்ணணும் சொல்லுடா."

சார்ஜரைக் கழற்றச் சொன்னான். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கட்டும் என்று பொத்தானைக் கை வலிக்க அழுத்திப் பிடிக்கச் சொன்னான். பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு வைத்திருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரால் அடிமூடியைத் திறந்தாள். ஒரு திருகு கட்டிலுக்கடியில் உருண்டு போனது, தேடி எடுப்பதற்குள் முழங்கை சிராய்த்தது. மெமரித் துண்டைப் பிடுங்கித் துடைத்து மறுபடி சொருகினாள். வெள்ளை விளக்கு, டிக், விசிறி, அந்த இடைவெளி. அவளுக்கு அழுகை வரவில்லை, எதையாவது தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. ஒரு மாத உழைப்பு இந்தத் தகர டப்பாவுக்குள் இருக்கிறது, அது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

"சரி, லேப்டாப்பை மறந்துடு. அதுக்குள்ள இருக்கிற டிஸ்க்தான் நமக்கு முக்கியம்" என்றான் தம்பி. "போன தடவை வந்தப்ப ஒரு சின்ன டப்பா விட்டுட்டுப் போனேன் பாரு, டிஸ்க்கைக் கழற்றி அதுல போட்டு மாமாவோட பழைய கம்ப்யூட்டர்ல சொருகு."

டிஸ்க் ஒரு சூயிங்கம் பட்டை அளவுதான் இருந்தது. இதற்குள்ளா இத்தனை நாள் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. கூடத்தில் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருந்த பழைய கம்ப்யூட்டரில் சொருகினாள். திரையில் ஒரு கட்டம் எழும்பி, டிஸ்கைப் பயன்படுத்த அதை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. காலையிலிருந்து ஒரு இயந்திரம் அவளுக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. விரல் தானாகவே அதை நோக்கிப் போனது.

"கேன்சல்! கேன்சல் குடுக்கா! தொட்டுடாத!" தம்பியின் அலறல் மாடிப்படியில் எதிரொலித்தது.

கேன்சல் கொடுத்தாள்.

"இப்ப நான் அனுப்பற புரோகிராமைப் போடு. முதல்ல டிஸ்க் முழுசையும் அப்படியே ஒரு நகல் எடு. தேடறதெல்லாம் அந்த நகல்லதான். ஒரிஜினல்ல எதையும் எழுதாத. ஃபைல் பேர் எல்லாம் போயிருக்கும், வெறும் நம்பர்தான் வரும். ஒண்ணொண்ணா கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். எனக்கு மீட்டிங். வெச்சுடறேன்."

நகல் எடுக்கும் கோடு ஊர்ந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, பகலிலேயே கூடம் மங்கியது. எழுந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தவள் படுக்கையறையில் நின்றாள். அலமாரிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சாத்தப் போனபோது உள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. அந்துருண்டை, போர்வை, அதற்கும் அடியில் வெகுநேரம் பேசிப் பேசி உலர்ந்த வாயின் வாசனை. வேலை முடித்து வெளியே வரும்போது தினமும் இருக்கிற வாசனைதான். ஆனால் இன்று அவள் உள்ளே போகவே இல்லை. காற்றில்லாத இடம், தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவை அழுத்திச் சாத்தினாள்.

நகல் முடிந்ததும் எண்கள் வரிசையாக வந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் ஃபைலிலேயே அவள் குரல், மூன்றாம் அத்தியாயம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா. அடுத்தது ஏழு. அடுத்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டே போனாள்.

அடுத்த ஃபைலில் ஒன்றுமில்லை. அலமாரியின் மௌனம். தாண்டிப் போக இருந்தவள், எந்த நாளுடையது என்று தெரியட்டுமே என ஒலியைக் கூட்டினாள். துணிகளின் அடர்ந்த அமைதி. அதற்குள் மிக மெல்ல, ஒட்டியிருந்த இரண்டு உதடுகள் பிரியும் ஈரச் சத்தம்.

படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் அது, பேசப் போகிற வாயின் சத்தம். அவள் அந்த நேரத்தில் சமையலறையில் நின்றிருந்தாள்.

அடுத்த மௌனத்தில் மூச்சு இழுப்பது கேட்டது. இன்னொன்றில் தொண்டையைச் செருமும் சத்தம், அவள் செருமுவது போலவே இரண்டாவது செருமல் கொஞ்சம் சின்னதாக. இன்னொன்றில் ஒரே ஒரு எழுத்து: "அ". மறுபடி "அ". சரியாக வருகிறதா என்று பார்ப்பது மாதிரி. பிறகு வந்த ஒன்றில் அவள் குரல் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரியைப் படித்தது, ஒரு சொல்லில் தடுக்கியது, நிறுத்தியது, மறுபடி படித்தது. மறுபடி. மறுபடி. அலுக்காமல்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"மௌனமா இருக்க வேண்டிய ஃபைல்ல என் குரல் இருக்குடா."

"மீட்கும்போது துண்டுகள் மாறி ஒட்டிக்கும் அக்கா. சகஜம்" என்று கிசுகிசுத்தான். "மீட்டிங்ல இருக்கேன். கிடைச்சதை எடுத்து அனுப்பற வழியைப் பாரு."

துண்டுகள் மாறி ஒட்டிக்கொள்ளும். அவள் அந்த வாக்கியத்தை நாலைந்து தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். நியாயமாகத்தான் இருந்தது. அந்த மௌனத் துண்டுகளைத் தான் புத்தகம் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறோம் என்ற நினைப்பை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

பட்டியலின் அடியில் இரண்டு பெரிய ஃபைல்கள் இருந்தன. திறந்தாள்.

கடைசிக்கு முந்தைய அத்தியாயம். அதற்கு அடுத்தது, கடைசி அத்தியாயம்.

அவள் அவற்றைப் படிக்கவே இல்லை.

புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டாள். ஒரு சொல் பிசகவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு தாய் தன் குழந்தையைக் கூப்பிடும் இடம் வருகிறது. அந்த இடத்தை நினைத்துத்தான் அவள் இரண்டு தடவை நாள் தள்ளிப் போட்டிருந்தாள். எத்தனை முறை பழகியும் லிஃப்ட்டில் அறிவிப்பது போலவே வந்தது. ஹெட்போனுக்குள் இருந்த குரல் அந்த இடத்துக்கு வந்து, நிதானமாக மூச்செடுத்து, கூப்பிட்டது. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதலில் அவளுக்கு வந்தது பயமல்ல, பொறாமை. இப்படித்தானே படிக்க ஆசைப்பட்டேன். இது என் குரல்தானே.

பயம் அதற்குப் பின்னால் வந்து நின்றது.

அனுப்பிவிடலாம். யாருக்குத் தெரியும்? அனுப்பினால் புத்தகம் அவளுடையது. அனுப்பாவிட்டால் வேறு பெண். மவுஸின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த இரண்டு ஃபைல்களையும் அழித்தாள். மேடத்திடம் கெஞ்சி இன்னும் ஒரு நாள் கேட்கலாம். மோசமாக வந்தாலும் நானே படிக்கிறேன்.

ஹெட்போனைக் கழற்றினாள். மழை விட்டிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்குத் தெரிந்த அமைதியாக இருந்தது.

போன் அடித்தது. மேடம்.

"என்னம்மா, ஆச்சா?"

வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

தொண்டையைச் செருமினாள். செருமலும் வரவில்லை. கழுத்தில் கை வைத்து அழுத்தி முயன்றாள். நாக்கு அசைந்தது. உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மேடம்."

படுக்கையறையிலிருந்து.

"என்னம்மா, எங்கயோ தூரத்துல இருந்து பேசற?"

"அலமாரிக்குள்ள இருக்கேன் மேடம்." சிரிப்பு. அவளுடைய சிரிப்பு. "கடைசி ரெண்டும் முடிஞ்சுது. அனுப்பிடறேன்."

"சமத்து. இன்னைக்கு உன் குரல் எவ்ளோ தெளிவா இருக்கு தெரியுமா!"

மேடம் போனை வைத்துவிட்டாள். அவள் அசையவில்லை. அசைந்தால் அதற்குக் கேட்கும்.

வாசலில் பள்ளி வேன் நிற்கும் சத்தம். படியில் தடதடவென்று காலடி. மகள். ஒன்றாம் வகுப்பு. வாசல் கதவு தாழிடாமல் இருந்தது.

"அம்மா!" ஷூ ஒன்று சுவரில் மோதி விழுந்தது. "அம்மா, எங்க இருக்க?"

"இங்க இருக்கேன் குட்டி. உள்ள வா."

குழந்தை மேசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையில் ஓடியது.

அவள் எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஹெட்போன் ஒயர் காலில் சுற்றியது. இழுத்தாள், உதறினாள், ஓடினாள். கூப்பிட்டாள். கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை.

படுக்கையறை. அலமாரிக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே போர்வைகள், இருட்டு. குழந்தை அதன் முன்னால் பையோடு நின்றிருந்தது.

"ஏன் இவ்ளோ நேரம்? பசிக்குதா கண்ணு?" என்றது இருட்டு. அத்தனை அன்பாக.

காலடி கேட்டுக் குழந்தை திரும்பியது. அறை வாசலில் ஒருத்தி. விரித்த கைகள். கழுத்து நரம்பு புடைத்து, வாய் முழுக்கத் திறந்து, சத்தமே இல்லாமல் ஓடி வருகிறாள்.

குழந்தையின் முகம் வெளுத்தது.

"அம்மா..." என்றது. கூப்பிட்டது அவளை அல்ல. அவளிடமிருந்து கண்ணை எடுக்காமலே பின்னால் ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. போர்வைகள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டன.

"பயப்படாத. அம்மா இருக்கேன்ல."