சொந்த ஊரின் எண்

மொம்பாசாவுக்கு ஏழு என்றது நோய்கணி இயந்திரம். ஐந்தைத் தாண்டினால் விமான வாசல் திறக்காது.

அமலோற்பவம் மூன்றாவது முறையாக விரலை நீட்டினாள். நோய்கணி ஒரு சொட்டு இரத்தத்தை உறிஞ்சி, அவள் உடம்பின் கணிப்புருவை உண்டாக்கி, அதை மொம்பாசாவில் முப்பது நாள் வாழவிட்டது. ஒரு முறையல்ல, லட்சம் முறை. கொசு கடித்தது, தண்ணீர் கெட்டது, காய்ச்சல் வந்தது. வேண்டிய தடுப்பூசிகளை நிலையத்திலேயே கலந்து அவளுக்குப் போட்டும் விட்டது. அதற்குப் பிறகும் நூற்றுக்கு ஏழு முறை அந்த உரு நோயில் விழுந்தது.

"வயசு அறுபத்தொண்ணு. மஞ்சக்காய்ச்சல் ஊசி உங்க உடம்புல சரியாப் பிடிக்கல. நான் என்னம்மா செய்ய?" என்றான் தூத்துக்குடிப் பயணக்காப்பு நிலையத்தின் அலுவலர் மந்திரமூர்த்தி.

"எம் மவளுக்கு நாளன்னைக்குத் தலைப்பிரசவம் தம்பி. புள்ளத்தாச்சிய ஏத்த முடியாதுன்னு அங்க உள்ள மெஷினு தடுத்துட்டு. ஆத்தாக்காரி நான் போறேன்னா இது தடுக்கு. தனியா கெடந்து பெத்துக்கிடுவாளா அவ?"

இயந்திரம் அறிவுரைச் சீட்டைத் துப்பியது. வெயிலில் அலைய வேண்டாம், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும், கொசுவலைக்குள் தூங்கவும். அமலோற்பவத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"தூத்துக்குடிக்காரிக்கு வெயிலப் பத்தி வகுப்பெடுக்குதோ? இந்தச் சனியனச் செஞ்சது எந்த ஊர்க்காரன்?"

"பனி பெய்யுற நாட்டுக்காரங்கம்மா."

"அப்பம் எங்க தெருவுக்கு எத்தனைன்னு கேளுங்க."

"சொந்த ஊருக்கு எண்ணே கிடையாது. வீடுன்னா பூஜ்யம்னுதான் வச்சிருக்காங்க."

"எவன் சொன்னான் பூஜ்யம்னு? போன மாசம் எங்க தெருவுல டெங்குல ரெண்டு பேரு போயிட்டாங்க. போடுங்க தம்பி, பார்த்துருவோம்."

இருபது ஆண்டுகளாக உலகமே இந்த இயந்திரத்தைக் கேட்டுப் பயணம் போகிறது. ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை என்றால் நம்ப முடிகிறதா? செய்தவர்களின் ஊரில் வீடு என்றால் பூஜ்யம்தான். நம்மவர்களும் அதைத் தலையாட்டி வாங்கி மாட்டிவிட்டார்கள்.

வரிசையில் நின்றவர்கள் "போடுங்க சார்" என்று சத்தம் போட, மந்திரமூர்த்தி போகும் இடம் என்ற கட்டத்தில் அவள் தெருவை எழுதினான். நோய்கணி வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தது.

பதினொன்று.

கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். அடுத்த நொடி விமான வாசல் தானாகத் திறந்தது. பதினொன்று ஏழைவிடப் பெரிது. நோய்கணியின் ஒன்பதாம் விதி: ஒருவர் நிற்கும் இடம் போகும் இடத்தைவிட ஆபத்தானால், தாமதமின்றி அனுப்பிவிட வேண்டும். கொள்ளைநோயில் சிக்கிய பனிநாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்காக எழுதிய விதி அது.

"பார்த்தீங்களா!" அமலோற்பவம் பையைத் தூக்கிக்கொண்டாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம்." மந்திரமூர்த்தியின் முகம் வெளிறியிருந்தது. "அந்த எண்ணு இந்நேரம் எல்லா நாட்டு நோய்கணிக்கும் போயிருக்கும். பதினொண்ணு உள்ள ஊருக்குள்ள யாரையும் விடக் கூடாது. உங்களால திரும்பி வர முடியாது. உங்க மவளும் புள்ளையத் தூக்கிட்டு வர முடியாது."

அவள் அப்படியே நின்றாள். மகளுக்காகக் கேட்ட கேள்விதான் மகளுக்கே ஊர்க்கதவைச் சாத்தியிருக்கிறது.

"எனக்கும் கதவு மூடிடுச்சும்மா," என்றான் அவன், நிலையத்தின் ஊர்ப்பக்கக் கதவைப் பார்த்தபடி. அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. "நான் அடுத்த தெரு. வேலை முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போவேன்?"

"எங்க ஊருக்குள்ள நான் போக இந்த மெஷினு யாரு அனுமதி குடுக்க?" அமலோற்பவம் விமான வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்த்தாள். "எல்லாருமாச் சேந்து அந்தக் கதவத் தள்ளுங்க தம்பி. தொறக்காட்டி விடாதீங்க. நான் பேரப்புள்ளையத் தூக்கிட்டு வந்து கூட நின்னு தள்ளுதேன்."