பச்சைக் கரையிட்ட மரண அறிவிப்பு

தன் சாவுச் செய்தியைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு வந்த ஒரு ஆளை லியூபா கானெவா அதுவரை பார்த்ததில்லை. நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்ந்த பிறகு, துப்பறிவாளர் தாமியன் ஸ்டோயில்கோவிடம் உதவியாளராகச் சேர்ந்தவள் அவள். வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ரூசே நகரமே இரண்டு மாதமாக அடித்துக்கொண்ட 'ஐந்தாம் மாடி' படத்துக்கு மூலமான நிஜ ஆள் இவர்தான்; பத்திரிகையில் முகம் வந்திருந்தது. படத்தை எடுத்த இயக்குநர் முன்பு இவர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தவன். படத்தில் ஒரு கல்லூரிப் பெண் காணாமல் போகிறாள். எதிர்வீட்டில் யாரோடும் ஒட்டாத ஒரு மனிதன். விடியுமுன் அவன் குளியலறையில் தண்ணீர் ஓடும். கொலை செய்தானா இல்லையா என்று சொல்லாமலே படம் முடிந்துவிடும். பாதி ஊர் அவனைக் கொலைகாரன் என்றது. மீதிப் பாதி இயக்குநரைத் திட்டியது. லியூபா இரண்டு முறை பார்த்தவள், கொலைகாரன் கட்சி. ஸ்டோயில்கோவ் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

"என் பேர் அசென் மாலினோவ். கப்பல் பட்டறையில வெல்டரா இருந்தேன். இது இன்னிக்குக் காலையில எங்க வாசக்கதவுல ஒட்டியிருந்துச்சு," என்றார் முதியவர். "சனிக்கிழமை எனக்கு அடக்கமாம்."

அவருடைய படம், பெயர், கீழே அடக்க நாள். சுற்றிலும் பச்சைக் கரை.

லியூபா எட்டிப் பார்த்தாள். "கூத்தைப் பாருங்க சார்! பச்சைக் கரை முஸ்லிம் வீட்டுச் சாவுக்குல்ல போடுவாங்க? நமக்கெல்லாம் கறுப்புதானே? அச்சடிச்சவன் குடிச்சிருந்தான் போல."

முதியவர் அந்தக் கரையை உள்ளங்கையால் மறைத்தார். ஸ்டோயில்கோவ் அதைக் கவனித்தார்.

"போலீசுக்குப் போனீங்களா?"

"போனேன். 'படத்துல நடிச்சது நீங்கதானா தாத்தா?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. என் கதவுல துப்புறாங்க. தபால் பெட்டிய உடைச்சாங்க. டெலியோர்மான் பக்கம் தங்கச்சி வீடு இருக்கு, பெட்டி கட்டிட்டேன். ஆனா நான் போயிட்டா படம் நிஜம்னு ஆயிடும்ல? முப்பத்திரண்டு வருஷம் இருந்த வீடுங்க அது. யாரு செஞ்சான்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அது போதும்."

அன்று மதியமே இருவரும் அந்தக் குடியிருப்புக்குப் போனார்கள். லிஃப்டுக்குள் ஒரு தேர்தல் சுவரொட்டி: நான்காம் மாடி ராதோய் க்ருமோவ், நகரமன்ற வேட்பாளர். 'டெலியோர்மான் கிராமங்களில் இளம் செயலாளராகத் தொடங்கி, முப்பது வருட மக்கள் பணி.' ஸ்டோயில்கோவ் அதை நிதானமாக இரண்டு முறை படித்தார். லிஃப்ட் நின்ற பிறகும் படித்துக்கொண்டிருந்ததால் லியூபா கதவைக் காலால் தடுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் மாடியில் குடியிருப்பு நிர்வாகி த்ஸ்வெதானா. கதவைத் திறக்கும்போதே சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

"அந்தாளுக்கா வக்காலத்து? புது வருஷத்துக்கு எல்லாரும் ரக்கியா ஊத்திக் கிளாஸைத் தட்டுனா, அவன் மட்டும் வெறும் பச்சத்தண்ணியோட நிப்பான். மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டு! விடியறதுக்கு முன்னாடி குழாய்ல தண்ணி ஓடும். தினமும்! படத்துலயும் அதேதான். நான் சும்மா சொல்லல, காதால கேட்டிருக்கேன்."

ஸ்டோயில்கோவ் தாளை நீட்டினார். "இதுல ஏதாவது தப்பாத் தெரியுதாம்மா?"

"கரையே தப்பு. பச்சையில போட்டிருக்கான், கூறுகெட்டவன். நானா ஒட்டுனேன்? எனக்கு ஒட்டணும்னா நேரா அவன் நெத்தியிலேயே ஒட்டுவேன்."

மூன்றாம் மாடியில் டாக்சி ஓட்டும் ஓக்னியான், படச் சண்டையில் எதிர்க்கட்சி. "அந்த இயக்குநர் பய என் வண்டியில ஏறட்டும், ஆத்துப் பாலத்துல நடுவுல இறக்கி விடறேன். பாவம்யா அந்தப் பெரியவர்!" தாளைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது. "பச்சையா? இவர் என்ன துருக்கியரா? செய்யறதே அயோக்கியத்தனம், அதையும் ஒழுங்காச் செய்யத் தெரியல."

நான்காம் மாடியில் ராதோய் க்ருமோவ். வசந்தத்தில்தான் குடிவந்தவர். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனிட்சாவைத் தட்டில் வைத்துத் தந்தார். லியூபாவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"படம் கலைதானே. அதுக்காக ஒரு மனுஷனை இப்படிப் பண்றது அநாகரிகம்," என்றார். தாளைக் கண்ணாடி போட்டு வரிவரியாகப் பார்த்தார். "போட்டோ ரொம்பப் பழசு. அடக்கம் எத்தனை மணிக்குன்னு போடல. மத்தபடி தப்பா ஒண்ணும் தெரியல. பாவம், அவர் தங்கச்சி வீட்டுக்கே போயிடறது நல்லதுன்னு தோணுது. மன அமைதின்னு ஒண்ணு இருக்கே."

தெருவில் இறங்கியதும் லியூபா பொரிந்தாள். "த்ஸ்வெதானாதான் சார்! அவ கண்ணுல கொலைவெறி!"

"வெறுப்பு அவகிட்ட வாசல்லயே நிக்குது, லியூபா. மறைச்சு வெக்கிறவங்களைத்தான் நான் தேடறேன்." அவர் திரும்பிக் கட்டடத்துக்குள் நடந்தார். "நீங்க இங்கேயே இருங்க. அசென்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். அதைச் சொல்றதும் சொல்லாததும் அவர் இஷ்டம்."

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்போர் கூட்டம். அசென் படியோரம் நின்றார். அவரைச் சுற்றி ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் விட்டு மற்றவர்கள் நின்றார்கள்.

"இந்தத் தாளை உங்க எல்லாருக்கும் காட்டினேன்," என்று தொடங்கினார் ஸ்டோயில்கோவ். "இவரைக் கொலைகாரன்னு சொல்றவங்க, அப்பாவின்னு சொல்றவங்க, ரெண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்துல ஒத்துப்போனீங்க. கரை தப்பு, கறுப்பா இருக்கணும்னீங்க. ஏன்னா உங்களுக்குத் தெரிஞ்ச அசென் மாலினோவ் கிறிஸ்தவர். ஒருத்தர் மட்டும் போட்டோவைக் குறை சொன்னார், மணியைக் குறை சொன்னார். அவ்வளவு பெரிய பச்சை அவர் கண்ணை உறுத்தவே இல்லை."

ராதோய் சிரித்தார். "கவனிக்காம விட்டிருப்பேன். இது ஒரு குத்தமா?"

"மணி போடாததைக் கவனிச்ச கண்ணு கரையை விட்டுடுமா, ஐயா? அச்சகத்துல பொண்ணு கேட்டிருப்பா, கறுப்பா பச்சையான்னு. நீங்க யோசிக்காம பச்சைன்னு சொல்லிட்டீங்க. அதுதான் சரின்னு உங்களுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துல அது தெரிஞ்ச ரெண்டாவது ஆள் நீங்க. ஊர்ல மூணு அச்சகம் இருக்கு. உங்க போட்டோவோட லியூபா மூணுக்கும் போயிட்டு வர அரை மணி போதும். அனுப்பட்டுமா?"

ராதோயின் சிரிப்பு நின்றது.

"முதல் ஆள் யாரு?" என்றாள் த்ஸ்வெதானா, பொறுமை இல்லாமல்.

"நான்," என்றார் அசென். "என் பேரு ஹாசன். எண்பத்தஞ்சு ஜனவரியில, முஸ்லிம் பேரே இருக்கக்கூடாதுன்னு அரசாங்கம் சொல்லி, டெலியோர்மான்ல எங்க ஊரையே வரிசையில நிக்கவெச்சுப் பேரை மாத்தினாங்க. நான் இந்த ஊர்ல வேலை பார்த்துக்கிட்டிருந்தேன், அம்மாவைப் பாக்க ஊருக்குப் போனவனையும் பிடிச்சு நிறுத்திட்டாங்க. மேசையில இருந்த பையன் புதுப் பேருங்க இருந்த பட்டியலை நீட்டி, 'சீக்கிரம் ஒண்ணைத் தொடு, பின்னால ஆளு நிக்குது'ன்னான். தொட்டேன். இங்க திரும்பி வந்து அந்தப் பேருக்குள்ளேயே இருந்துட்டேன். விடியல்ல ஓடற தண்ணி, தொழுகைக்குக் கைகால் கழுவறது. அவ்வளவுதான்."

லியூபாவுக்கு முகம் சுட்டது. இரண்டு முறை காசு கொடுத்து, அந்தத் தண்ணீரில் இரத்தத்தைப் பார்த்தவள் அவள். அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது.

"சுவரொட்டியில போட்டிருக்கற டெலியோர்மான் இளம் செயலாளர், அந்தப் பையன் இவர்தான்," என்று ராதோயைக் காட்டினார் ஸ்டோயில்கோவ். "தான் எழுதிக்கொடுத்த பேரை மேல்வீட்டுல பாத்தார்; லிஃப்டுல அசென் தன்னை அடையாளம் கண்டு உத்துப் பாக்கறார்னு பயந்தார். தேர்தல் நேரம், பழசு வெளிய வந்தா ஓட்டு போயிடும். ஊர் ஏற்கெனவே படத்தைச் சொல்லித் துப்புது. இன்னும் கொஞ்சம் தள்ளினா ஆளு தானே போயிடுவார்னு கணக்குப் போட்டார்."

"எனக்குக் கண்ணுல புரை," என்றார் ஹாசன் மெதுவாக. "யாரையும் அப்படித்தான் பாப்பேன். உன்னை எனக்கு அடையாளமே தெரியலயேடா."

ராதோய் கையை விரித்தார். "மேலிடத்து உத்தரவு. நான் செய்யலன்னா வேற ஒருத்தன் செஞ்சிருப்பான்!"

"நிறுத்துய்யா!" என்று ஓக்னியான் கையை ஓங்கினான். த்ஸ்வெதானாவோ, "அதெல்லாம் சரி, முப்பது வருஷம் பேரை மறைச்சவன் வேற எதைத்தான் மறைக்கல?" என்றாள். அடுத்த நிமிடம் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. திரையரங்கு வாசலில் கேட்ட அதே கூச்சல்.

ஹாசன் யாரையும் பார்க்கவில்லை. ராதோயிடம் நடந்து போய், மூச்சு படும் தூரத்தில் நின்றார்.

"நான் எங்கயும் போகப்போறதில்ல. நான் அஞ்சாவது மாடி, நீ நாலாவது. தினமும் காலையில உன் தலைக்கு மேல தண்ணி ஓடும், கேட்டுக்கிட்டுப் படுத்திரு. லிஃப்டுல பாத்தா வணக்கம் சொல்லுவேன். நீயும் சொல்லணும். என் பேரைச் சொல்லிச் சொல்லணும். இப்பவே ஆரம்பி."

ராதோய் சுற்றிலும் பார்த்தார். கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"வணக்கம்…" என்றார் ராதோய்.

"சீக்கிரம். பின்னால ஆளு நிக்குது."