பந்துக்கு அடியில்

மருந்துக்கடைக்காரருக்கு மச்சினனைக் கண்டாலே இளக்காரம். ஏரிக்கரையில் தூண்டில் சாமான் விற்கும் பழைய கடையின் வாசலில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"துடுப்புப் பிடிக்கவே தெரியாது. துரைக்கு மீன் காட்டுற மெஷின் கேக்குது."

மச்சினன் வெட்கமில்லாமல் சிரித்தான். ஈர வலையும் துருவும் நாறிய அந்த இருட்டுக் கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, திரையோடு படகில் மாட்டுவது. கனத்த பேட்டரி வேண்டும். மற்றது எலுமிச்சை அளவுப் பந்து. நூலில் கட்டித் தண்ணீரில் போட்டால் தானே விழித்துக்கொண்டு ஆழத்தையும் மீனையும் செல்போனில் காட்டும், காய்ந்தால் அணைந்துவிடும். ஒல்லிப் படகுக்குப் பந்துதான் லாயக்கு என்று மச்சினன் எடுத்தான். சரியான தேர்வுதான். ஆனால் இவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். கடை முழுக்கக் கேட்கும்படி உச்சுக்கொட்டினார்.

மதியமே மூட்டம் போட்டிருந்தது. ஏரியில் ஒரு பறவை இல்லை. இருவரும் மெல்லத் துடுப்புப் போட, பந்து பின்னால் மிதந்து வந்தது.

போனில் பெரிதாக ஒரு மீன் படம் முளைத்தது.

"அத்தான், எவ்ளோ பெருசு பாருங்க!"

"மண்டு. அது எதைப் பாத்தாலும் மீன் படந்தான் போடும். கொண்டா இங்க."

போனைப் பிடுங்கிப் படத்தை அணைத்து, கோடுகளை வரவழைத்தார். கடந்து போகிற மீன் வில்லாக வளைந்து தெரியும். இது வளையவில்லை. பந்துக்கு நேர் அடியில், அறுபடாத ஒரே கோடு.

படகு நகர்ந்துகொண்டிருந்தது.

அதுவும் கூடவே வந்தது.

"என்னது அத்தான்?" மச்சினன் கிசுகிசுத்தான்.

கரைக்குத் திருப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தப் பயலிடம் போய் பயத்தைக் காட்டிக்கொள்வதா? வீம்பு விடவில்லை.

"ஏதோ மரக்கட்டை. பந்த இழுத்து உள்ள போடு."

கோடு மேலே ஏறியது.

அழுகிய பாசி நாற்றம் குப்பென்று அடித்தது. மச்சினன் குனிந்து, பந்தை எடுத்துப் படகுக்குள் போட்டான். நிமிரவில்லை. யாரோ காதோடு பேசுவதைக் கேட்கிறவன்போல இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது.

படகு ஆடக்கூட இல்லை.

முக்குளித்துத் தேடியவர்களுக்குச் சேறுதான் கிடைத்தது. "சொன்ன பேச்சக் கேட்டாத்தானே?" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். செத்தவனைத் திட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு அற்ப மனுஷன்.

தம்பியின் படங்கள் இருந்ததால் மனைவி அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி அறையில் அது தானாக ஒளிர்ந்தது.

பந்து இணைந்துவிட்டதாம். ஆழம், மூன்று மீட்டர்.

பீரோவைத் திறந்தார். துணிகளுக்கு நடுவே பந்து காய்ந்துதான் கிடந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். கதவுப் பக்கம் நகர்ந்தார். திரையில் கோடு அறுபடவில்லை.

கீழே கூடத்தில் மனைவியின் குரல் கேட்டது. அதில் பயமே இல்லை. வழக்கமான அதே பாசம்.

"ஏன்டா தம்பி இப்படி நனைஞ்சு வந்திருக்க? அத்தான் மாடியிலதான் இருக்காரு. ஏறிப் போ."