பந்துக் கூடை நகராத சனிக்கிழமை

"காலத் தூக்கு வால்வு, கப்பல் கெளம்புது," என்றார் சலவை மாமா.

இஸ்திரி மேசை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே இரண்டு கால்களையும் தூக்கினாள். அவர் தள்ளிய சக்கரப் பந்துக் கூடை அவள் காலுக்கடியில் உருண்டு, கதவைத் தாண்டி, வெளி நடைபாதைக்குப் போனது. சனிக்கிழமைதோறும் நடப்பதுதானே. அதனால் அன்று அவள் மாமாவின் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை மாமா இறந்துபோனார். நெஞ்சு வலி என்றார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

வால்வு என்பது அவர் வைத்த பெயர். திறந்தால் மூடத் தெரியாத வாய் அவளுக்கு என்பார். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

வால்வின் அப்பா ஒரு பெரிய கால்பந்துக் கழகத்தில் பந்துகளுக்குப் பொறுப்பாளர். தொலைக்காட்சியில் வரும் கழகம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்துப் பந்துகளுக்குக் காற்று அடித்து, அழுத்தமானியை வைத்து அளந்து, முள் பதினொன்றில் நிற்கிறதா என்று பார்ப்பார். எட்டரைக்குக் கீழே போனால் விதிப்படி தவறு.

அப்பா காற்று அடிப்பது, சலவை மாமா ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் துவைத்துக் காயவைக்கும் அறையில். வெளியே வாயைத் திறந்தால் புகை வரும் அளவுக்குக் குளிர். அங்கே நின்று பம்பு அடித்தால் விரல் மரத்துப் போகும். உள்ளேயோ வெந்நீர்க் குழாய்கள் ஓடி, அடுப்படி போலச் சூடாக இருக்கும். அம்மாவுக்குத் தூரத்து ஊரில் வேலை என்பதால், சனிக்கிழமைகளில் வால்வுக்கும் அந்த அறைதான் வீடு.

மாமா இறந்த வாரம் மட்டும் அவள் போகவில்லை. தலை வலிக்கிறது என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள்.

அன்றுதான் அது நடந்தது.

இடைவேளையில் எதிரணித் தலைவர் பந்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அளந்தார்கள். ஏழே முக்கால். பத்தில் ஒரு பந்துகூட எட்டரையைத் தொடவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் அதிகாரி அளந்தபோது அத்தனையும் பதினொன்று. அதற்குப் பிறகு பந்துகள் இருந்தது அப்பாவின் பொறுப்பில் மட்டும். அப்படியென்றால் காற்றைத் திறந்துவிட்டது யார்?

மெத்தென்ற பந்தில் ரகசியமாகப் பழகிவிட்டுத்தான் ஜெயித்தார்கள் என்று எதிரணிக்காரர்கள் சொன்னார்கள். செய்தியில் அப்பாவின் படத்தைப் போட்டார்கள். கழகம் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றது. வெள்ளிக்கிழமை விசாரணை.

பள்ளியில் யாரும் வால்வை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் நடந்து போனால் பின்னாலிருந்து "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். டயரில் காற்று இறங்குவது போல. அவ்வளவுதான். பக்கத்தில் உட்காருபவள், கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி முன்வரிசைக்குப் போய்விட்டாள். போன வாரம் வரை நன்றாகத் தெரிந்த கரும்பலகை.

வீட்டில் அப்பா பேசுவதை விட்டுவிட்டார். ஒரே ஒரு முறை, துண்டை மடித்துக்கொண்டே, தன் கைதான் எங்கேயோ தப்பு செய்திருக்க வேண்டும் என்றார். அது அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

இதை யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால், இப்படிப்பட்டதை எல்லாம் அவள் சொல்வது மாமாவிடம்தான்.

புதன்கிழமை மாலை, சாவிகளைத் திருப்பிக் கொடுக்கக் கழகத்துக்குப் போனார் அப்பா. வால்வும் கூடப் போனாள். காயவைக்கும் அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்கு வந்த அக்கா அதை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அப்பா தன் பம்பையும் ஊசிகளையும் ஒரு பையில் எடுத்து வைத்தார். அவள் இஸ்திரி மேசை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

துவைத்து முடிந்து இயந்திரத்தின் மணி அடித்தது.

அவள் கால்கள் தாமாக மேலே போயின.

யாரும் வரவில்லை. தூக்கிய கால்களை இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. கூடை வெந்நீர்க் குழாயை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. மணி அடித்தால் அது அங்கே நிற்கக் கூடாது. ஈரச் சட்டைகளை மாட்ட இடம் வேண்டும் என்று மாமா அதை வெளியே தள்ளியிருப்பார்.

"அப்பா, அன்னைக்குக் கூடையை யாரு வெளியில தள்ளினா?"

"யாரும் தள்ளலயே. அந்த வாரம் சட்டையெல்லாம் துவைக்க வெளிக் கடைக்குப் போயிடுச்சு. கூடை இங்கயேதான் நின்னுச்சு. அதிகாரி வந்து இங்கயே அளந்தாரு."

"மத்த வாரம் எங்க அளப்பீங்க?"

"நடைபாதையிலதான். கூடை அங்கதான இருக்கும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பந்தோட வால்வு பழசு, காத்து கசியுதுன்னு நெனச்சு மறுபடி அடிப்பேன். அப்புறம்தான் அதிகாரி அளப்பாரு. அன்னைக்கு என்னமோ ஒண்ணுகூட இறங்கல…"

அப்பா நிறுத்தினார். கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

"சூட்டுல காத்து விரியும். குளிர்ல சுருங்கும்," என்றார் மெதுவாக. "நாலாவதுல படிச்சேன். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன்."

இத்தனை வருடமும் பந்துகள் குளிரில் ஆறியதே மாமா கூடையைத் தள்ளியதால்தான். அது மாமாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. மாமா போன பிறகு வந்த முதல் சனிக்கிழமையே அது இல்லாமல் போயிற்று. சூட்டிலேயே அளந்த பந்துகள் மைதானத்துக் குளிரில் சுருங்கிவிட்டன.

வால்வு மேசையிலிருந்து குதித்தாள். விசாரணையில் இதைச் சொல்லலாம் என்றாள். அப்பா மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"என்னனு சொல்றது? சலவைக்காரர் கூடையைத் தள்ளலன்னா? செத்தவர் மேல பழியைப் போடச் சொல்றியா?"



"பழி இல்லப்பா. மாமா இருந்திருந்தா எல்லாம் சரியா இருந்திருக்கும்னுதானே சொல்லப் போறோம்?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையின் ஜிப்பை இழுத்து மூட அவருக்கு வெகு நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை கழக அலுவலகத்தில் விசாரணை நடத்த வந்த பெண்மணிக்குக் கடுமையான ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு தும்மல். சிறுமியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று அப்பா சொன்னதும், அந்தப் பெண்மணி மூலை நாற்காலியைக் காட்டினார். அப்பாவுக்குப் பேச்சு கோவையாக வரவில்லை. கூடை என்றார், குழாய் என்றார், மறுபடி கூடை என்றார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வால்வு எழுந்து நின்றாள். பத்து நாளாக மூடியிருந்த வாய் திறந்தது. கூடை எங்கே நின்றது, யார் தள்ளுவார், மணி எப்போது அடிக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு, காயவைக்கும் அறைக்கு வந்து, சூடாக இருக்கும் ஒரு பந்தை அவரே அளந்து, அவர் கையாலேயே வெளியே வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. எங்களை நம்ப வேண்டாம்."

"இந்தக் குளிர்லயா?" என்று தும்மினார் அந்த அம்மா. ஆனாலும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

குழாயை ஒட்டியிருந்த பந்தை அளந்தார். பதினொன்று. நடைபாதையில் வைத்துவிட்டு, காலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு, நேரம் போக வேண்டுமே என்று வால்விடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். வால்வு "உஸ்ஸ்" சத்தத்தையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் மறுபடி அளந்தார். முள் எட்டைத் தொடவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை அளந்தார். பிறகு குறிப்பேட்டில் வெகுநேரம் எழுதினார்.

"அந்தச் சலவைக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அறிக்கையில் அதுவும் இடம்பெற வேண்டுமாம்.

அப்பா அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பினார். செய்தியில் அதையும் சொன்னார்கள், கடைசியில், மழை வருமா என்று சொல்வதற்கு முன்னால். முன்வரிசைக்குப் போனவள் திரும்பி வந்தாள். குளிரில் காற்று எப்படிச் சுருங்கும் என்று கேட்டாள். வால்வு சொன்னாள், ஆனால் முன்பு போல அவ்வளவு நீளமாக இல்லை.

சனிக்கிழமை மணி அடித்தபோது மேசையிலிருந்து இறங்கி, கூடையை அவளே வெளியே தள்ளினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. திரும்பி வந்து, அக்காவோடு சேர்ந்து ஈரச் சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

அவை காய எப்போதும் போல நாற்பது நிமிடம் ஆனது.